கையடங்கும் கொம்பு: படைக்கலப் பிடிகளில் தந்தம் குறித்து ஒரு திறனாய்வு

ஒரு படைக்கலத்திற்கு இரு முனைகள் உண்டு. ஒன்று எதிரியை நோக்கியது. மற்றொன்று ஏந்துபவனை நோக்கியது. படைக்கலங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் அருங்காட்சியகக் குறிப்புகளும் பெரும்பாலும் முதல் முனையைப் பற்றியே பேசுகின்றன. எஃகின் தன்மை, அலகின் வளைவு, குழலின் நீளம், அதில் பொறிக்கப்பட்ட எழுத்து ஆகியவை விரிவாக விளக்கப்படுகின்றன. பிடிக்கு வரும்போது 'தந்தம்' என்ற ஒற்றைச் சொல்லோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல் யானையைக் குறிக்கிறதா, கடல்விலங்கைக் குறிக்கிறதா, அது எவ்வாறு கிடைத்தது, ஏந்தியவன் உள்ளங்கையில் எவ்வாறு அமர்ந்தது என்பன கேட்கப்படுவதில்லை.

கைத்துப்பாக்கிகளுக்குத் தந்தப் பிடி பொருத்துவோருக்காக மேலை நாடுகளில் வளர்ந்துள்ள சேகரிப்பாளர் கையேடுகள் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன. வரியோட்டம், நிறம், மெருகு, பொருத்தம் என அவை நுணுக்கமாகவே பேசுகின்றன. ஆயினும் அவை கண்ணின் கேள்விகளை மட்டுமே கேட்கின்றன. இஸ்லாமியப் பண்பாட்டின் கலை வரலாற்றிலும் சட்டவியலிலும் இதே பொருள் குறித்து வேறு சில கேள்விகள் கேட்கப்பட்டுள்ளன. இது எந்த உயிரினுடையது? அவ்வுயிர் எவ்வாறு இறந்தது? தொடும் கைக்கு இது என்ன செய்கிறது? இம்மூன்றையும் கேளாத தேர்வு முழுமையான தேர்வாகாது என்பதும், இம்மூன்றையும் மறந்த பராமரிப்பு வெறும் மெருகிடலாகவே முடியும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பெயரில் தொடங்கும் ஐயம்

தமிழ், யானையின் வெளிநீண்ட பல்லுக்குப் பல்லென்று பெயரிட்டதோடு நிற்கவில்லை. கொம்பு, கோடு, மருப்பு என்று விலங்கின் கொம்புக்குரிய சொற்களையே அதற்கும் வழங்கிற்று. எயிறு என்ற சொல்லும் உண்டு. இன்றும் நம் வீடுகளில் 'ஆனைக்கொம்பு' என்பதே வழக்கு. தந்தம் என்ற சொல் எழுத்தில்தான் மிகுதி. பல்லா, கொம்பா, எலும்பா என்ற இந்த மயக்கம் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. பொருளின் தூய்மை குறித்த சட்ட ஆய்விலும் இது பின்னர் நம்மை எதிர்கொள்ளும்.

தந்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியிருப்பது கவனிக்கத்தக்கது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை அரசியின் கட்டிலை வருணிக்கும்போது, அதன் கால்களுக்கு எடுத்த கொம்பு நாற்பது வயது நிரம்பி, போரில் மடிந்த யானையினுடையது என்று குறிப்பாகச் சொல்கிறது. கட்டிலின் அழகைச் சொல்ல வந்த புலவர் யானையின் வயதையும் இறப்பையும் சொல்லாமல் கடந்து செல்லவில்லை. கொம்புக்காகக் கொல்லப்பட்ட யானைக்கும் களத்தில் பட்ட யானைக்கும் வேறுபாடு உண்டு என்ற உணர்வு அக்குறிப்பில் இருக்கிறது. தந்தத்தின் தேர்வு அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது என்பதற்கு நம் மொழியிலேயே இத்துணைப் பழைய சான்று இருக்கிறது.

இதே கேள்வியை அறிவியல் நோக்கோடு கேட்டவர் அபூ ரைஹான் அல்-பிரூனி. மணிகளையும் உலோகங்களையும் பற்றிய தம் நூலில், கத்திப் பிடிகளுக்கு மிகவும் விரும்பப்பட்ட 'குத்து' என்ற பொருளைப் பற்றி அவர் எழுதுகிறார். நஞ்சருகே வைத்தால் அது வியர்க்கும் என்று மக்கள் நம்பினர். அதனால் அதன் விலை ஏறியிருந்தது. பிரூனி அந்த நம்பிக்கையைப் பதிவு செய்ததோடு அமையாமல், வடகிழக்கிலிருந்து வந்த கித்தான் தூதர்களிடமே இது எதனுடையது என்று விசாரித்தார். ஒரு வகைக் காளையின் நெற்றி எலும்பு என்பது அவர்கள் தந்த விடை. அவ்விடை சரியா என்பது வேறு செய்தி. பிற்கால ஆய்வாளர் பலர் குத்து என்பதை வால்ரசின் பல்லோடு தொடர்புபடுத்துவர். நம் கவனத்திற்குரியது, பிடியின் பொருள் எவ்வுயிரினுடையது என்பதை அறியாமல் அதன் மதிப்பைப் பேச முடியாது என்று அவ்வறிஞர் கருதியதே.

அரசவைகளில் பிடி

உஸ்மானிய அரசவையில் இப்பொருள் உச்சநிலை அடைந்தது. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் உள்ள, சுல்தான் சுலைமானுக்காக அஹ்மத் தெகேலூ ஹிஜ்ரி 933இல் (1526-27) செய்த யதகான் வாளின் பிடி தந்தத்தாலானது. அதில் பொன்னிழைக் கொடிகள் பதிக்கப்பட்டுள்ளன. இதன் உடன்பிறப்பு போன்ற மற்றொரு வாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பிடி வால்ரஸ் தந்தம். இவ்விரு வாள்களையும் பற்றிப் பேசுவோர் அலகில் போரிடும் பறவையையும் நாகத்தையும் வியப்பர். ஆனால் அலகின் செழிப்போடு ஒப்பிட்டால் பிடியில் கைவினைஞர் காத்த அடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. பொன் தந்தத்தினுள் அமிழ்ந்து அதன் பரப்போடு ஒன்றுகிறது. உள்ளங்கையை உறுத்தும் புடைப்பாக அது எழவில்லை. கண்ணுக்குரிய அணி அலகில் இடம்பெற, கைக்குரிய மென்மை பிடியில் காக்கப்பட்டது. பிடியை மதிப்பிடுவதற்கு இது முதல் அளவுகோல்.

முகலாய அரசவையில் பேரரசர் ஜஹாங்கீருக்கு இப்பொருளில் இருந்த பற்று அவருடைய நினைவுக் குறிப்புகளில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. 'மீன் பல்' என்று பாரசீகத்தில் வழங்கப்பட்ட வால்ரஸ் பல்லில், கருமையும் வெண்மையும் கலந்த வகையை அவர் பெரிதும் விரும்பினார். ஈரான் மன்னர் ஷா அப்பாஸிடமிருந்து அத்தகைய பிடியுள்ள கட்டாரி ஒன்று வந்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சியையும், ஈரானிலும் தூரானிலும் இத்தகைய பல்லைத் தேடிவர ஆட்களைப் பணித்ததையும் அவரே எழுதுகிறார். பூரண், கல்யாண் என்ற இரு செதுக்குக் கலைஞர்களை அமர்த்தி, தம் பெயரால் 'ஜஹாங்கீரி' என்று வழங்கிய வடிவில் பிடிகளைச் செய்வித்ததையும் குறிப்பிடுகிறார்.

பேரரசரின் நூலில் இரு கைவினைஞரின் பெயர் நிலைத்திருப்பது சிறப்புக்குரியது. எனினும் திறனாய்வாளர் இங்கே ஒன்றைச் சுட்டவேண்டும். ஜஹாங்கீர் இயற்கையை நுணுகி நோக்கியவர். சாரசக் கொக்குகளின் இணைவாழ்வையும், தம் அவைக்கு வந்த வரிக்குதிரையின் வரிகளையும் வியந்து எழுதியவர். அத்தகையவர் இப்பல்லைத் தந்த உயிர் பற்றி அந்த ஆர்வத்தைக் காட்டவில்லை. பல்லின் நிறமும் வரியும் அவரை முற்றிலும் ஆட்கொண்டுவிட்டன. பொருளின் அழகு அதன் பிறப்பிடத்தை மறைத்துவிடும் என்பதற்கு இவ்வளவு கூர்ந்த பார்வையாளரே சான்றாகிறார்.

வாளிலிருந்து துப்பாக்கிக்கு

கட்டாரியின் பிடி பெரும்பாலும் கையின் அழுத்தத்தை மட்டுமே தாங்குகிறது. கைத்துப்பாக்கியின் பிடியோ ஒவ்வொரு வெடியிலும் பின்னுதைப்பை வாங்கிக் கையினுள் செலுத்துகிறது. எனவே தந்தம் துப்பாக்கிக்கு வந்தபோது அழகியலோடு பொறியியலும் சேர்ந்துகொண்டது.

பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளில் கட்டை முழுவதுமே தந்தம். பிடியின் முடிவில் தலைக்கவசம் பூண்ட வீரனின் தலை செதுக்கப்பட்டிருக்கும். தலைப்பாகை அணிந்த துருக்கியரின் தலையாகச் செதுக்கப்பட்டவையும் உண்டு. வியன்னாவின் வாயிலில் உஸ்மானியப் படை அச்சமூட்டிய நூற்றாண்டு அது. எதிரியின் தலையைத் தன் உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டதாக ஏந்துபவன் உணரும்படி அப்பிடி அமைக்கப்பட்டது. செதுக்குத் திறன் மறுக்க முடியாதது. ஆயினும் பிடி இங்கே கைக்குப் பணிசெய்வதை விட்டு வெறுப்புக்கு வடிவம் கொடுக்கிறது. ரஷ்யப் பேரரசி கேதரினுக்காகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் யோஹான் அடால்ஃப் கிரெக்கே 1786இல் செய்த தந்தக் கட்டைத் துப்பாக்கிகளில் வெறுப்பு இல்லை. பயனும் அநேகமாக இல்லை. அவை அன்பளிப்பாகக் கைமாறுவதற்கே பிறந்தவை.

இக்காலத்தின் புகழ்பெற்ற தந்தப் பிடி அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டனுடையது. 1916இல் அவர் வாங்கிய கோல்ட் சுழல் துப்பாக்கியின் தந்தப் பிடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டன. முத்துச்சிப்பிப் பிடி என்று பிறர் பிழையாகச் சொன்னால் அவர் சினந்து திருத்துவார் என்பது பலரும் அறிந்தது. பொருளின் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தைக் குறைசொல்ல இடமில்லை. அதே ஆண்டில் மெக்சிகோவில் நடந்த மோதலை அடுத்து அப்பிடியில் இரண்டு வெட்டுக்குறிகள் இடப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது. இரு மனிதரின் சாவு அதில் எண்ணிக்கையாக ஏறியது. அத்தந்தத்தைச் சுமந்திருந்த யானையின் சாவுக்கு அங்கே குறி ஏதும் இல்லை. தந்தப் பிடி பற்றிய சேகரிப்பாளர் இலக்கியத்தின் பார்வையும் ஏறத்தாழ இதுவே: ஏந்தியவனின் வரலாறு பொருளின் மதிப்பைக் கூட்டுகிறது; பொருளின் சொந்த வரலாறு கணக்கில் வருவதில்லை.

இவற்றோடு நம் நிலத்தின் வழியே சென்ற துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடையே மேல்பட்டாம்பாக்கமும் நெல்லிக்குப்பமும் அமைந்துள்ள இப்பகுதி இரண்டாம் மைசூர்ப் போரின் களங்களுக்கு அண்மையது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் படையும் ஐர் கூட்டின் படையும் மோதின. 1783இல் கடலூர் முற்றுகையிடப்பட்டது. அதன் பின்னர் திப்பு சுல்தானின் பட்டறைகளில் உருவாகி, 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சிதறிப்போன துப்பாக்கிகள் பல இன்று ஐரோப்பியத் தொகுப்புகளில் உள்ளன. ராபின் விகிங்டன் 1992இல் வெளியிட்ட நூல் இவற்றைத் தனியே ஆராய்கிறது. இத்துப்பாக்கிகளில் புலித்தலையும் புலிவரியும் வெள்ளியாலும் பொன்னாலும் எங்கும் நிறைந்திருக்கின்றன. கை பற்றும் இடத்திலோ மெருகேறிய மரமும் வெள்ளிப் பதிப்புமே மேலோங்குகின்றன. இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு ஒன்றுமாக, விசைப்பூட்டு எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த கைத்துப்பாக்கி இணைகளும் அங்கு செய்யப்பட்டன. கையை நினைந்து படைக்கலத்தை வடித்த பட்டறை அது. யானைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் மரம் போதுமென்று கொண்ட அத்தேர்வுக்குரிய காரணத்தை நாம் ஊகிக்கவேண்டியதில்லை. சிறந்த துப்பாக்கிக்குத் தந்தம் இன்றியமையாதது என்ற கருத்தை அது தகர்த்துவிடுகிறது என்பதே போதும்.

கண் கேட்கும் கேள்விகள்

ஏற்கனவே உள்ள ஒரு பிடியை இனங்காண்பதற்குச் சில அறிகுறிகள் உள்ளன. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரியும்; இவை ஷ்ரெகர் கோடுகள் எனப்படும். தந்தத்தின் வெளிவிளிம்பை ஒட்டிய பகுதியில் இக்கோடுகள் சந்திக்கும் கோணம் இன்றைய யானைகளில் 115 பாகைக்கு மேற்பட்டும், அழிந்துபோன மாமூத் யானையில் 90 பாகைக்குக் குறைந்தும் இருக்கும். வால்ரஸ் பல்லில் வெளிப்பகுதி வழவழப்பாகவும் உட்பகுதி பளிங்குக் கூழ்போல் திட்டுத்திட்டாகவும் காணப்படும். ஜஹாங்கீர் மயங்கியது இத்தகைய திட்டுகளுக்கே. எலும்பில் குருதிக்குழாய்களின் தடமாகச் சிறு புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். செயற்கைப் பொருள்களில் கோடுகள் இயந்திரத்தால் வரைந்தவைபோல் இணையாக ஓடும், குறுக்கே வெட்டிக்கொள்ளா. சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்ப்பது பரவலான வழக்கம். அது பொருளைப் புண்படுத்துவதோடு, செல்லுலாயிடாக இருப்பின் தீப்பற்றவும் செய்யும். அதைக் கைவிட வேண்டும்.

துப்பாக்கிப் பிடிக்குரிய தேர்வில் வரியோட்டம் நீளவாக்கில் செல்லவேண்டும். தந்தத்தின் அடிப்பகுதி உட்குடைவானது. தடித்த துண்டு நுனியை நோக்கிய திண்மையான பகுதியிலிருந்தே கிடைக்கும். பிடியின் இரு பலகைகளும் இரும்புச் சட்டத்தோடு எங்கும் சீராகப் படியவேண்டும். ஒரே முனையில் மட்டும் அழுந்தினால் பின்னுதைப்பின் விசை அங்கே குவிந்து பிளவு தோன்றும். திருகாணியை மிகுதியாக இறுக்குவதும் அதே விளைவைத் தரும். இவ்வளவில் சேகரிப்பாளர் கையேடுகள் சொல்வன பெரும்பாலும் சரியானவை. அவற்றின் குறை அவை நின்றுவிடும் இடத்தில் இருக்கிறது.

கை கேட்கும் கேள்வி

ஃபிக்ஹ் நூல்கள் தொடங்குவது அவ்விடத்தில்தான். இறந்த விலங்கின் எலும்பு தூயதா என்ற விவாதத்தில் யானைத் தந்தம் தனி இடம் பெற்றுள்ளது. எலும்பில் உயிர் குடிகொள்வதில்லை. ஆகவே சாவு அதைத் தீண்டாது. அதில் ஒட்டிய கொழுப்பும் ஈரமும் நீங்கினால் அது தாஹிர் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. அவர்தம் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) யானையையே தன்னளவில் நஜீஸ் என்று கொண்டதால் மாறுபட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் எலும்பிலும் உயிர் உண்டு. உண்ணத்தகாத விலங்கை அறுப்பது அதைத் தூய்மையாக்காது. எனவே யானைத் தந்தம் எவ்வாறு கிடைத்ததாயினும் நஜீஸ். எனினும் உலர்ந்த நிலையில் அதைப் பயன்படுத்துவது ஹராம் அன்று, மக்ரூஹ் மட்டுமே என்றும், ஈரத்தோடு கலந்தால் நஜீஸ் பரவும் என்றும் இமாம் நவவீ (ரஹ்) தம் மஜ்மூவில் விளக்குகின்றார். முன்னோர்களான அறிஞர் சிலர் யானை எலும்புச் சீப்பால் தலைவாரியதையும் அதில் எண்ணெய் வைத்ததையும் தாம் கண்டதாக இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) கூறியதை ஸஹீஹ் புகாரி பதிவு செய்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு 'ஆஜ்' வளையல்கள் வாங்கச் சொன்னதாக அபூ தாவூதில் வரும் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானதாகக் கருதப்படுகிறது. மேலும் 'ஆஜ்' என்பதற்கு ஆமையோடு என்றே ஷாஃபிஈ அறிஞர் பலர் பொருள் கொண்டனர். சொல்லின் மயக்கம் அரபியிலும் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

இவ்விவாதத்தைப் படைக்கலப் பிடிக்குப் பொருத்திப் பார்க்கும்போது அதன் கூர்மை விளங்கும். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பான்மை. நம் கடலூர்ப் பகுதியோ இவ்விரண்டும் ஒரு நாள் நடைத் தொலைவில் சந்திக்கும் நிலம். ஒரே தந்தப் பிடி ஒரு வீட்டில் ஐயமின்றித் தொடக்கூடியதாகவும், மற்றொரு வீட்டில் தொழுகைக்கு முன் கைகழுவ வேண்டியதாகவும் இருந்திருக்கும். ஏனெனில் பிடி என்பது அலமாரியில் உலர்ந்திருக்கும் பொருளன்று. வியர்த்த உள்ளங்கை பற்றுவது. வியர்வையை ஓரளவு உள்வாங்கி வழுக்காமல் நிற்பதே தந்தத்தின் சிறப்பு என்று படைக்கலம் அறிந்தோர் போற்றுவர். ஷாஃபிஈ விதியை நேராகப் பொருத்தினால் அந்தச் சிறப்பே சிக்கலாகிறது. வால்ரசின் 'மீன் பல்' கடல்வாழ் உயிரினுடையது என்று கொண்டால் ஒரு தீர்ப்பு. நீரிலும் நிலத்திலும் வாழ்வதென்று கொண்டால் கருத்து வேறுபாடு. பிரூனி தூதர்களிடம் கேட்ட கேள்வி சட்டத்திற்கும் இன்றியமையாததாகிவிடுகிறது.

இங்கே ஃபிக்ஹ் அழகை மறுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நபி (ஸல்) அவர்களின் வாட்பிடியின் குமிழ் வெள்ளியாலானது என்ற அறிவிப்பின் அடிப்படையில், ஆண்கள் படைக்கலத்தை வெள்ளியால் அணிசெய்வதை அறிஞர்கள் அனுமதித்தனர். அணி கூடாதென்று சொல்லாமல், எதனால் அணிசெய்கிறாய் என்று கேட்டதே அவர்களின் நெறி.

பேணலும் அமானிதமும்

முன்னோரிடமிருந்து வந்த தந்தப் பிடி ஒரு வீட்டில் இருக்குமானால் அதைப் பேணுவது கடமை. தந்தம் ஈரத்தை வாங்கி வீங்கும், வறண்டால் சுருங்கும், எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. பிளவுக்கு இதுவே முதற்காரணம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் ஏற்றத்தாழ்வின்றி இருப்பது நல்லதென்று அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்கள் கொள்வர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி அக்கினி நட்சத்திர வெயிலில் காயும் நம் பகுதியில் அந்த அளவை எட்டுவது கடினம். ஆயினும் மாற்றத்தின் வேகத்தைத் தணிக்க முடியும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், வெயில் விழும் கண்ணாடிப் பேழையும், விளக்கின் சூடும் ஆகா. சாயமற்ற வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைப்பது ஏற்றது. சாயத்துணி நனைந்தால் நிறம் தந்தத்தில் ஏறும், பின்னர் நீங்காது.

நீரில் ஊறவைத்துக் கழுவக்கூடாது. உலர்ந்த மென்துணியால் துடைப்பதே போதும். துப்பாக்கியின் இரும்புக்கு இடும் எண்ணெய் தந்தத்துக்குப் பகை. அது நுண்துளைகளில் இறங்கிச் சீரற்ற மஞ்சள் கறையாகும். இரும்பின் துரு செந்நிறமாகவும் பித்தளையின் களிம்பு பச்சையாகவும் ஊடுருவும். ஆகவே இரும்பைத் துடைக்கும் துணியும் தந்தத்தைத் துடைக்கும் துணியும் வேறாக இருக்கட்டும். பிளந்த பிடியை ஒட்டுப்பசையால் நிரப்புவதும் திருகை மேலும் இறுக்குவதும் பிளவைப் பெரிதாக்கும்.

மஞ்சளேறிய தந்தத்தை வெளுக்க வேதிப்பொருள் பூசும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. தந்தம் இருளில் வைத்தால் மஞ்சளாகும், ஒளிபட்டால் வெளுக்கும், கைபட்ட இடத்தில் பழுப்பேறும். எந்த விரல் எங்கே அழுந்தியது, எந்தப் பக்கம் உறையில் மறைந்திருந்தது என்பதெல்லாம் அந்நிறத்தில் எழுதப்பட்டுள்ளன. பெயர் பொறிக்கப்படாத மனிதர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று சில வேளைகளில் அதுவாகவே இருக்கும். வெண்மைக்காக அதை அழிப்பவர் ஓலைச்சுவடியைத் தூய்மை செய்கிறேனென்று எழுத்தைச் சுரண்டுபவரை ஒத்தவர். பேணல் என்பது அமானிதத்தைக் காத்தல். பெற்ற நிலையில் அடுத்தவரிடம் சேர்ப்பதே அதன் இலக்கணம்.

யானையின் பக்கம்

ஆசிய யானையில் கொம்பு ஆணுக்கே உரியது. கொம்புக்காகக் கொல்வது ஆணினத்தையே அழிப்பதாகும். 1990களில் நடந்த ஆய்வொன்று கேரளத்தின் பெரியாறு காப்பகத்தில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு பெண் யானைகள் என்ற நிலையைக் கண்டது. சத்தியமங்கலக் காடுகளில் வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்படும்வரை நிகழ்ந்தவை தமிழர் அனைவரும் அறிந்தவை. காட்டில் வீழ்ந்த யானைக்கும் நகரத்துப் பேழையில் மின்னும் பிடிக்கும் இடையே பல கைகள் மாறுவதால் மட்டும் தொடர்பு அறுந்துவிடாது.

சட்டம் இத்தொடர்பைக் கண்டுகொண்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு இந்தியத் தந்தத்தின் வணிகம் தடைசெய்யப்பட்டது. 1991இல் வந்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் உள்ளடக்கியது. கைவசம் பழைய இருப்பு உள்ளதென்ற வணிகர்களின் வாதத்தை 2003இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்று இந்தியாவில் தந்தப் பிடியை விற்கவோ வாங்கவோ இயலாது. மரபுரிமையாக வந்ததையும் உரிமைச் சான்றிதழோடுதான் வைத்திருக்க முடியும். உலக அளவில் 1989இல் முடிவுசெய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தந்த வணிகத் தடை அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

சைபீரிய உறைபனியில் கிடைக்கும் மாமூத் தந்தத்தை மாற்றாகச் சிலர் பரிந்துரைக்கின்றனர். எந்த உயிரும் அதனால் சாவதில்லை என்பது உண்மை. ஆனால் செதுக்கி மெருகிட்டபின் அதைப் பிரித்தறியச் சாதாரணக் கண்ணால் இயலாது. புதிய தந்தம் பழைய பெயரில் ஒளிந்துகொள்ள அது இடமளிக்கிறது. இதைவிடத் தெளிவான மாற்று நம்மிடையே உள்ளது. தந்தத் தடைக்குப் பின் இந்தியச் செதுக்குக் கலைஞர் பலர் ஒட்டகம், எருமை ஆகியவற்றின் எலும்புக்கு மாறினர். முறைப்படி அறுக்கப்பட்ட, உண்ணத்தக்க விலங்கின் எலும்பு நான்கு மத்ஹபுகளிலும் ஐயமற்ற தாஹிர். உணவுக்காக அறுக்கப்பட்ட விலங்கின் எஞ்சிய பகுதி வீணாகாமல் பயன்படுகிறது. பிடிக்கென்று தனியே ஓர் உயிர் கொல்லப்படுவதில்லை. அதன் புள்ளிகளும் கீற்றுகளும் தந்தத்தின் வரியோட்டத்துக்கு ஈடல்ல என்று சேகரிப்பாளர் சொல்லக்கூடும். கண்ணளவில் அது சரியே. அறுப்பின் முறை, பொருளின் தூய்மை, சட்டத்தின் அனுமதி ஆகிய மூன்றிலும் ஐயமின்றிப் பற்றக்கூடிய பிடியைக் கை வேறெதனில் பெறும்?

பழைய தந்தப் பிடிகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் மேன்மையான கலை இருக்கிறது. அவற்றை ஒதுக்கவோ மறைக்கவோ வேண்டியதில்லை. அவற்றை விளக்கும் குறிப்புகள் மாறவேண்டும். 'தந்தம்' என்ற சொல்லோடு நில்லாமல், எவ்விலங்கு, எந்நிலம், அறியக்கூடுமாயின் எவ்வழியில் வந்தது என்பதையும் அவை எழுதவேண்டும். கட்டிற்காலைப் பாட வந்த இடத்திலும் யானையின் வயதையும் இறப்பையும் சொல்லிச் சென்ற பழந்தமிழ்ப் புலவரின் நேர்மை, அருங்காட்சியகக் குறிப்பெழுதுவோரிடம் எதிர்பார்க்கத்தகாத ஒன்றன்று.